காலையும் கடிக்காமல், கையையும் கடிக்காமல் ஒரு படகுக் காலணி

கொண்டல்காற்று (சென்னை)

அனைவருக்கும் வணக்கம். 46 வயதில் பாய்மரப் படகோட்டம் கற்கத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. நண்பர் ஒருவருடைய 24 அடிப் படகில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மூன்று மணி நேரம் கடலுக்குப் போய் வருகிறோம். இதுவரை காலணியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. காலை நடைப்பயிற்சிக்குப் போடும் ஓட்டக் காலணியையே படகுக்கும் போட்டுக்கொண்டு போனேன்.

சென்ற மாதம் முன்பாயை இறக்குவதற்காகப் படகின் முன்முனையான அணியத்துக்குப் போனபோது, தளத்தில் ஓர் அலை தெறித்த ஈரம்தான் இருந்தது. கால் சறுக்கி, முழங்கால் நேராகக் கயிறு மாட்டும் கிளீட்டின் மீது போய் இடித்தது. ஒரு வாரம் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். அதைவிடச் சங்கடம் கரைக்கு வந்த பிறகு நேர்ந்தது. வெள்ளைத் தளம் முழுவதும் என் காலணி இழுத்த கருப்புக் கோடுகள். நண்பர் ஒரு வார்த்தையும் பேசாமல் துணியையும் சோப்புப் பொடியையும் என் கையில் கொடுத்தார்.

இப்போது முறையான படகுக் காலணி ஒன்று வாங்க நினைக்கிறேன். கடைகளில் தேடினால் தோலில் செய்த, சுற்றிலும் நாடா ஓடும், பார்க்க அழகான காலணிகள் கிடைக்கின்றன. விலை 1,500 ரூபாயிலும் இருக்கிறது, 12,000 ரூபாயிலும் இருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. என்னால் 4,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். என் பாதம் முன்பக்கம் அகலமானது. அலுவலகக் காலணியே சுண்டுவிரலைக் கடிக்கும். தோல் நல்லதா, துணி நல்லதா, விலை வித்தியாசம் எதற்கு, மூன்று நான்கு ஆண்டுகள் உழைக்குமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். வெறுங்காலே போதும் என்று சொல்பவர்களின் கருத்தையும் கேட்க விரும்புகிறேன்.

சுக்கான்காரர் (தூத்துக்குடி)

வணக்கம் ஐயா. 28 ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு சொல்லிக்கொடுக்கிறேன். கடைக்குப் போனால் காலணியை முதலில் கவிழ்த்துப் பாருங்கள். மேலே தோலா துணியா என்ற பேச்சு அதற்குப் பிறகு வரட்டும்.

ஓட்டக் காலணியின் சோல் தார்ச்சாலைக்காகச் செய்யப்பட்டது. சாலையில் தேயாமல் இருப்பதற்காகக் குதிகாலில் கெட்டியான ரப்பர் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். நடுவில் வெறும் நுரைதான் இருக்கும். ஈரமான படகுத் தளத்தில் உங்கள் காலுக்கும் தளத்துக்கும் இடையே தாள் போல ஒரு நீர்ப்படலம் நிற்கிறது. அந்த நீரை அகற்றினால்தான் ரப்பர் தளத்தைத் தொடும், தொட்டால்தான் பிடிக்கும். மலையேறும் காலணி போல ஆழமான பள்ளங்கள் இருந்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது சேற்றுக்கும் மண்ணுக்கும் பொருந்தும். வழுவழுப்பான தளத்தில் அந்த மேடுகளின் உச்சி மட்டுமே படுவதால் தொடும் பரப்பு குறைந்துவிடுகிறது. படகுக்கு வேண்டியது தட்டையான, மென்மையான ரப்பர். அதில் பிளேடால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகள் நெருக்கமாக, அலை அலையாக ஓட வேண்டும். சும்மா நிற்கும்போது அந்த வெட்டுகள் மூடிக்கிடக்கும். பாதம் வளையும்போது அவை வாய் திறக்கும். மழைநாளில் காரின் வைப்பர் ரப்பர் கண்ணாடியில் செய்யும் வேலையை ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் தளத்தில் செய்யும்.

இந்த யோசனை வந்த கதையும் சுவையானது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த பால் ஸ்பெர்ரி என்ற படகோட்டி, தளத்தில் வழுக்கி விழுந்த அனுபவம் உள்ளவர். பனிக்கட்டியின் மேல் தம்முடைய பிரின்ஸ் என்ற காக்கர் ஸ்பானியல் நாய் வழுக்காமல் ஓடுவதைப் பார்த்து அதன் பாதத்தைப் புரட்டிப் பார்த்தார் என்றும், அதிலிருந்த கீறல்களைப் பார்த்து ரப்பரில் அப்படியே வெட்டிப் பார்த்தார் என்றும் சொல்வார்கள். அவருடைய காலணி 1935 இல் விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படையும் அதை வாங்கிப் பயன்படுத்தியது. இன்று யார் செய்யும் படகுக் காலணியாக இருந்தாலும் அடியில் இருப்பது அந்தக் கீறல்தான்.

கருப்புக் கோடு விழுந்ததற்குக் காரணம் ரப்பரில் கலந்திருக்கும் கரித்தூள். வெள்ளை அல்லது தேன் நிறச் சோல் வாங்கினால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இருக்காது. ஆனால் தடம் பதிக்காத கருஞ்சோல்களும் இப்போது வருகின்றன என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்துச் சோலை அழுத்தி இழுத்துப் பாருங்கள். பென்சில் கோடு போல விழுந்தால் அந்தக் காலணியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் உண்டு. கடையின் பளபளப்பான டைல்ஸ் தரையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றச் சொல்லி, அதன் மேல் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கடைக்காரர் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். விழுந்தால் பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு நாற்காலி மட்டும் இருக்கட்டும்.

வாங்கிய பிறகு அதைப் படகுக்கு மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் நடந்தால் மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும். வெட்டுகளுக்குள் மணலும் பொடிக்கல்லும் புகுந்துகொள்ளும். அதோடு படகில் ஏறினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போலத் தளம் பாழாகும். நான் செருப்பில் போய், படகில் ஏறும்போதுதான் மாற்றிக்கொள்கிறேன்.

ஆம்பூர்த்தோல் (ஆம்பூர்)

கொண்டல்காற்று ஐயாவின் கேள்வியில் 1,500 ரூபாய்க்கும் 12,000 ரூபாய்க்கும் என்ன வித்தியாசம் என்ற பகுதி என் தொழிலைச் சேர்ந்தது. ஆம்பூரில் காலணித் தொழிற்சாலைகளில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். அதில் ஒன்பது ஆண்டுகள் மொக்காசின் பிரிவில். நீங்கள் சொல்லும் தோல் படகுக் காலணி மொக்காசின் வகையைச் சேர்ந்ததே. அதில் தோல், பாதத்தின் அடியிலிருந்து தொட்டில் போல மேலே வரும். மேலே ஒரு நாக்குத்துண்டை வைத்து, இரண்டு விளிம்புகளையும் சுருக்கம் விட்டுத் தைப்பார்கள். அந்த முன்பக்கத் தையலைக் கையால் போடுவதுதான் நல்ல முறை. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் பெண்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, முன்கூட்டியே துளையிட்ட தோலில் ஊசி கோத்து, ஒவ்வொரு தையலுக்கும் நூலை இழுத்து இறுக்குவதைப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பெட்டியில் ஏறி அயல்நாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும் பல காலணிகளின் மூக்கு அந்த வாசலில் தைத்ததுதான். அந்த விலையில் அவர்கள் கைக்கு வருவது எவ்வளவு என்பது வேறு இழைக்கு உரிய பேச்சு.

மலிவான காலணியில் இதே தோற்றத்தைப் பொய்யாகக் கொண்டுவருவார்கள். முன்பக்கத் தையல் அலங்காரத்துக்கு மேலே ஓடும். அடியில் அட்டை போன்ற இன்சோல் பலகையின் மேல் தோலை இழுத்து ஒட்டியிருப்பார்கள். கையை உள்ளே விட்டுத் தையலின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். உள்ளே நூல் தட்டுப்பட்டால் அது உண்மையான தையல். பக்கவாட்டில் ஓடும் நாடாவையும் ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பாருங்கள். நல்ல காலணியில் அந்த நாடா குதிகாலைச் சுற்றிப் போய் மறுபக்கம் வரும். இழுத்தால் குதிகால் இறுகும். போலியில் அது இரண்டு அங்குலத் துண்டாகத் தைக்கப்பட்டு அசையாமல் இருக்கும்.

அடுத்தது ஐலெட் என்று நாங்கள் சொல்லும் நாடாத்துளை வளையம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கும் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். காந்தம் ஒட்டினால் அது சாயம் பூசிய இரும்பு. இரண்டு மாதத்தில் துருப்பிடித்துத் தோலில் பழுப்புக் கறையை இறக்கிவிடும். பித்தளை என்றால் ஒட்டாது; நாளாவட்டத்தில் பச்சை பூக்கும், ஆனால் இற்றுப்போகாது. நூலையும் கேளுங்கள். பருத்தி நூல் உப்பிலும் ஈரத்திலும் மக்கும். பாலியெஸ்டரோ நைலானோ மக்காது. கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிசிறை வெட்டி வெளியில் கொண்டுபோய்க் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், செயற்கை நூல் உருகி முத்தாகத் திரளும்.

சோல் தைத்ததா ஒட்டியதா என்பதும் முக்கியம். பசை மட்டும் போட்டு ஒட்டிய சோல், வெயிலில் கொதிக்கும் தளத்தில் நிற்பதும் உப்புநீரில் நனைவதுமாக இருந்தால் முன்விரல் மடங்கும் இடத்தில் முதலில் வாய் பிளக்கும். ஒட்டிய பிறகு தைக்கவும் செய்த சோலைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் தோல் காலணிக்கு ஆதரவாகச் சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும்: வாரந்தோறும் உப்புநீரில் நனையும் காலுக்கு 4,000 ரூபாய்க்குள் நான் தோலைப் பரிந்துரைக்க மாட்டேன். தோல் பதனிடும்போது அதன் நார்களுக்கு இடையே எண்ணெய் ஏற்றுகிறோம். அதனால்தான் தோல் வளைந்துகொடுக்கிறது. உப்புநீர் உள்ளே போய்க் காயும்போது உப்பு மணிமணியாகப் படிகிறது. அடுத்த முறை நனையும்போது அந்த எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. சில மாதங்களில் தோல் அப்பளம் போல விறைத்து, மடிப்பில் வெடிக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மாதம் ஒருமுறை தோல் எண்ணெய் தடவினால் பல ஆண்டுகள் வரும். அந்தப் பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்று உங்களைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் நூறில் ஐந்து பேருக்குக்கூட இருப்பதில்லை. தோலிலேயே பிழைக்கும் எனக்கும் இல்லை.

சாங்கிக்கரை (சிங்கப்பூர்)

ஆம்பூர் அண்ணன் சொன்னதோடு எங்கள் ஊர் ஈரப்பதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் பத்து ஆண்டுகளாக வாரயிறுதிகளில் படகுப் போட்டிகளில் குழுவினராகப் போகிறேன். முதல் சம்பளத்தில் ஆசைப்பட்டு வாங்கிய தோல் படகுக் காலணியை நனைந்த வாக்கிலேயே பையில் வைத்து, அடுத்த சனிக்கிழமை திறந்தபோது அதன் மேல் பச்சைப் பயிர் விளைந்திருந்தது. துடைத்துவிட்டுப் போட்டேன். ஆனால் அந்த வாடை போகவே இல்லை. என் மனைவி அதை வாசல் கதவுக்கு உள்ளே அனுமதிக்கவும் இல்லை.

அதன் பிறகு செயற்கை வலைத்துணி மேல்பாகமும் தண்ணீர் வெளியேறப் பக்கவாட்டில் துளைகளும் உள்ள காலணிக்கு மாறினேன். அலை உள்ளே வந்தாலும் நான்கு அடி வைப்பதற்குள் தண்ணீர் வெளியே போய்விடுகிறது. குழாயடியில் அலசித் தொங்கவிட்டால் மறுநாள் காய்ந்திருக்கும். பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல முடியாது. தோல் காலணி போட்டால் படகின் சொந்தக்காரர் போல் இருக்கலாம்; இதைப் போட்டால் படகைக் கழுவ வந்தவர் போல்தான் இருக்கிறேன். எப்படியும் கழுவப்போவது நான்தான் என்பதால் எனக்கு வருத்தமில்லை.

ஒரு எச்சரிக்கை. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பல ஆண்டுகள் பழைய சரக்கை வாங்காதீர்கள். சோலின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற பொருளாக இருந்தால், காற்றிலிருக்கும் ஈரமே அதை மெல்ல மெல்லச் சிதைக்கும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் அது நடக்கும். ஒருமுறை இணையத்தில் பாதி விலைக்குக் கிடைத்த புத்தம்புதுக் காலணி, இரண்டாவது பயணத்தில் காலடியில் ரஸ்க் போல உதிர்ந்தது. அந்தத் துகள்களைக் கடற்பஞ்சால் ஒற்றி எடுத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கடையில் கட்டைவிரல் நகத்தால் நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ நகத்தடம் திரும்பி எழாமல் போனாலோ வேண்டாம். முழுவதும் ரப்பராலான சோலுக்கு இந்த நோய் வராது.

துளைகளோடு வரும் நுரைச் செருப்பான கிராக்ஸைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். அது 2002 இல் அமெரிக்காவில் முதன்முதலில் படகுக் காலணியாகத்தான் விற்பனைக்கு வந்தது என்பதை நம்புவது இப்போது கடினம். நங்கூரமிட்டு நிற்கும் படகில் காபி குடிக்க அது சுகமாக இருக்கிறது. ஆனால் குதிகாலைக் கவ்விப் பிடிப்பதில்லை. படகு சாய்ந்து ஓடும்போது கால் ஒரு பக்கமும் அது ஒரு பக்கமும் போகும். உச்சிவெயிலில் தளத்தில் விட்டுவைத்தால் ஓர் அளவு சிறியதாகிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

அலைமகள் (சென்னை)

இதுவரை எழுதிய அனைவரும் தளத்தில் நடக்கும் படகைப் பற்றியே பேசுகிறீர்கள். கொண்டல்காற்று ஐயாவின் 24 அடிப் படகுக்கு அது சரி. ஆனால் இந்த இழையை நாளை படிக்கப்போகும் பலர் என்னைப் போல லேசர் என்னும் ஒற்றையாள் பாய்மரப் படகு போன்ற சிறு படகில் கற்பவர்களாக இருப்பார்கள். பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குப் போன பிறகு சென்னையில் பெண்பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோரை நானே நிறையப் பார்க்கிறேன். அவர்கள் முதல் நாளே அழகான படகுக் காலணியை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அது அங்கே பயன்படாது.

சிறு படகில் நாம் நடப்பதே இல்லை. படகு கவிழாமல் இருக்கப் பாதத்தை ஒரு பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே சாய்க்கிறோம். அந்தப் பட்டை புறங்காலை அரைமணி நேரம் தொடர்ந்து அறுக்கும். நாடா முடிச்சு சரியாக அந்த இடத்தில் வந்தால் வலி தாங்காது. கயிறு முடிச்சில் சிக்கினால் ஆபத்தும் கூட. அதற்கு நியோப்ரீன் என்ற பஞ்சு ரப்பரால் செய்த, கணுக்கால் வரை ஏறும் பூட்தான் ஏற்றது. படகைத் தண்ணீரில் இறக்கும் சரிவில் பாசியும் சிப்பியும் கொட்டலசும் ஒட்டியிருக்கும். வெறுங்காலோடு இறங்கி உள்ளங்கால் கிழிந்த தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. அளவும் ஒரு தொல்லை. பெண்கள் காலுக்கு ஏற்ற சிறிய அளவுகள் கடையில் பெரும்பாலும் இருப்பதில்லை. சிறுவர் அளவில் தேடினால் கிடைக்கிறது, விலையும் குறைகிறது.

சுக்கான்காரர் ஐயா சொன்ன டைல்ஸ் சோதனையில் எனக்கு ஒரு சந்தேகம். படகுத் தளம் டைல்ஸ் இல்லை; வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பு வைத்துத்தானே வார்க்கிறார்கள்?

சுக்கான்காரர்

அம்மா, நியாயமான கேள்வி. சொரசொரப்பான இடத்தில் எந்தக் காலணியும் ஓரளவு நிற்கும். ஆனால் ஒவ்வொரு படகிலும் சொரசொரப்பு இல்லாத இடங்கள் உண்டு: கண்ணாடி மூடி, அலுமினியச் சட்டம், தளம் விளிம்பில் வளையும் பளபளப்பான பகுதி, தண்ணீர் பட்ட பாயின் மேல் மிதிக்கும் நொடி. விழுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். டைல்ஸ் அந்த இடங்களுக்குப் பதிலாக நிற்கிறது. ஐயாவின் கால் எங்கே சறுக்கியது என்று கேட்டால் விடை தெரிந்துவிடும்.

கொண்டல்காற்று

முன்பக்கக் கண்ணாடி மூடியின் மேல்தான் ஐயா. கேட்கும்வரை எனக்கே உறைக்கவில்லை.

காசிமேட்டுக்காரன் (சென்னை)

வெறுங்காலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் தாத்தா கட்டுமரத்திலும், அப்பா பைபர் படகிலும் வெறுங்காலோடுதான் தொழிலுக்குப் போனார்கள். நானும் கல்லூரிக்குப் போகும்வரை அப்படித்தான் போனேன். கட்டுமரத்தில் காலுக்கும் கட்டைக்கும் நடுவே வேறு எதுவும் இருக்கக்கூடாது. கட்டை எந்தப் பக்கம் உருளப்போகிறது என்பதை உள்ளங்கால்தான் முதலில் அறியும். பெருவிரலை விரித்துக் கயிற்றின் மேல் ஊன்றி நிற்பதை எந்தக் காலணியும் செய்யாது. ஆகவே வெறுங்கால் என்பதை ஏழ்மை என்று மட்டும் யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. வலையில் கெளுத்தி வந்தால் அதன் முள் படகின் அடியில் எங்கே கிடக்கிறது என்று தெரியாது; குத்தினால் இரவு முழுவதும் கால் தெறிக்கும். திருக்கை முள் அதைவிட மோசம். தூண்டில் முள்ளும் உண்டு. அப்பாவின் இடதுகாலில் இரண்டாம் விரலுக்கு நகம் கிடையாது. நங்கூரக் கயிறு ஓடும்போது விரல் இடையில் போனது. அந்தக் காலும் பிறந்ததிலிருந்து மணலிலும் உப்பிலும் உரம் ஏறிய கால். ஆறு நாள் மெத்தென்ற காலுறைக்குள் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெறுங்காலாகப் படகேறுவது வேறு விஷயம் ஐயா. நீங்கள் காலணியே வாங்குங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி. விசைப்படகில் ஐஸ் பெட்டிக்குள் இறங்குபவர்கள் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட் போடுகிறார்கள். பைபர் படகில் அது பாரம், வேர்வை வேறு. 500 ரூபாய்க்குள், விரலை மூடி, மீன் வழவழப்பில் வழுக்காத ஒன்று உண்டா?

ஆம்பூர்த்தோல்

தம்பி, மீன் வழவழப்பு தண்ணீர் மாதிரி இல்லை. அது எண்ணெயும் சளியும் கலந்தது. சுக்கான்காரர் ஐயா சொன்ன மெல்லிய வெட்டுகளுக்குள் அது போய் அடைத்துக்கொண்டால் சோல் வெறும் தட்டையாகிவிடும். உங்களுக்கு வெட்டுகள் கொஞ்சம் அகலமாக, பக்கவாட்டில் வழிந்தோடும்படி திறந்திருக்க வேண்டும். சமையற்கூடங்களிலும் இறைச்சிக் கூடங்களிலும் போடுவதற்கென்று விரல் மூடிய, கழுவக்கூடிய வார்ப்புக் காலணிகள் செய்கிறார்கள். எண்ணெய்த் தரைக்காகச் செய்த சோல் என்று கேட்டு வாங்குங்கள். குதிகால் பட்டை இருப்பதாகப் பாருங்கள். 500 ரூபாய்க்குள் அடங்குமா என்பது சந்தேகம். கொஞ்சம் மேலே போகலாம்.

கொண்டல்காற்று ஐயாவுக்கு அகலப் பாதத்தைப் பற்றி நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். காலணியை லாஸ்ட் என்னும் கால் அச்சின் மேல்தான் உருவாக்குகிறோம். ஐரோப்பியச் சந்தைக்கான அச்சு பெரும்பாலும் நம் கால்களைவிட ஒடுக்கமானது. நம்மவர் என்ன செய்கிறார்கள் என்றால் அகலம் போதவில்லை என்று ஓர் அளவு பெரியதாக வாங்குகிறார்கள். நீளம் கூடிவிடும், குதிகால் கழன்று கழன்று வரும். சாய்ந்த தளத்தில் வழுக்குவதற்கு அதுவே போதும். வீட்டில் ஒரு தாளின் மேல் வெறுங்காலோடு நின்று பாதத்தைப் பென்சிலால் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். கடையில் காலணிக்குள் இருக்கும் மெத்தையை வெளியே எடுத்து அந்தத் தாளை அதன் மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் தாள் வெளியே நீட்டினால் அந்த மாதிரி உங்களுக்கு ஆகாது. எத்தனை அளவு மாற்றினாலும் ஆகாது. மாலையில் போங்கள்; பகலெல்லாம் நின்ற கால் கொஞ்சம் பெருத்திருக்கும். தோல் என்றால் சற்று இறுக்கமாகவே வாங்கலாம், நனைந்து நனைந்து இளகிக் காலுக்கு ஏற்ப அமரும். செயற்கைத் துணி இளகாது. கடையில் கடித்தால் கடலிலும் கடிக்கும்.

கொண்டல்காற்று

இழையைத் தொடங்கிப் பத்து வாரங்கள் ஆகின்றன. என்ன வாங்கினேன், எப்படி இருக்கிறது என்று சொல்லாமல் போனால் முறையாகாது.

தாளையும் காந்தத்தையும் எடுத்துக்கொண்டு நான்கு கடைகளுக்குப் போனேன். முதல் கடையில் 3,800 ரூபாய்த் தோல் காலணியின் ஐலெட்டில் காந்தம் டக்கென்று ஒட்டியது. பக்க நாடாவும் ஆம்பூர் ஐயா சொன்னபடியே இரண்டு அங்குலத் துண்டு. இரண்டாவது கடையில் தண்ணீர் கேட்டேன், குடிப்பதற்கு என்று நினைத்துக் குளிர்ந்த நீர் பாட்டில் கொடுத்தார்கள். தரையில் ஊற்றியதும் மேலாளர் ஓடி வந்தார். விளக்கிச் சொன்ன பிறகு அவரே இன்னொரு காலணியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று திருப்பிப் பார்த்தார். அவருடையது வழுக்கியது.

கடைசியில் வலைத்துணி மேல்பாகம், பக்கத்துளைகள், அலைவெட்டு உள்ள முழு ரப்பர்ச் சோல் கொண்ட ஒன்றை 2,700 ரூபாய்க்கு வாங்கினேன். தாள் உள்ளே அடங்கியது. வெள்ளைத் தாளில் கோடு விழவில்லை. இதுவரை ஒன்பது பயணங்கள் போயிருக்கிறேன். கண்ணாடி மூடியின் மேல் வேண்டுமென்றே ஈரத்தில் நின்று பார்த்தேன், கால் அசையவில்லை. நண்பர் துணியை எடுக்கவில்லை.

குறையும் இருக்கிறது. மெத்தை மெல்லியது, மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றால் குதிகால் வலிக்கிறது. வலைத்துணி வழியாகப் புறங்காலில் வெயில் பட்டுச் சல்லடை போட்டது போலப் புள்ளி புள்ளியாகக் கருத்திருக்கிறது; வீட்டில் சிரிக்கிறார்கள். நாடாவின் நுனியிலிருந்த பிளாஸ்டிக் குழல் கழன்று, நுனி பிரிந்துவிட்டது. இதை என்ன செய்வது?

சாங்கிக்கரை

குதிகாலுக்குக் கழற்றக்கூடிய நுரை மெத்தை தனியாக வாங்கி உள்ளே வையுங்கள், துணி உறை இல்லாததாக. துணி உறை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புறங்கால் புள்ளிகளுக்கு என்னிடம் மருந்தில்லை, எனக்கும் இருக்கின்றன.

சுக்கான்காரர்

நாடா நுனியைத் தீக்குச்சியில் ஒரு நொடி காட்டுங்கள். உருகியதும் ஈரமாக்கிய விரலால் உருட்டிவிடுங்கள். அதற்குப் பிறகும் பிரிந்தால், படகில் கயிற்று நுனிக்குச் சுற்றும் மெழுகு நூலால் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். ஒன்பது மாதம் கற்றிருக்கிறீர்கள், அந்தக் கட்டு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கொண்டல்காற்று

தெரியும் ஐயா. ஞாயிற்றுக்கிழமை சுற்றிவிட்டுப் படம் போடுகிறேன்.